பூச்சியின் வழியே வரும் நோயை ஆராயப் போகும் பிள்ளைகளுக்கு

பேராதனையில் பயிர் நோயியல் முடித்துவிட்டு, பூச்சிகள் காவும் பற்றீரியா நோய்களை ஆராயப் போகிறோம் என்று வந்து நின்றீர்கள். அன்று வாயால் சொன்னது போதாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

1. முதலில் இலையைப் படியுங்கள். தேசிமரம் மஞ்சளிக்கக் காரணம் பல. நாகச் சத்துக் குறைந்தால் நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளிக்கும். பூச்சி காவும் கிரீனிங் நோயில் அந்த ஒழுங்கு இராது; ஒரு பாதியில் திட்டு, மறு பாதியில் அதே இடம் பச்சை. மாரஸ்ஸனப் பக்கம் ஒரு அம்மா இலைக்கொத்தோடு வந்தபோது நான் அவசரத்தில் நாகக் கரைசல் தெளிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வருடம் போய்ப் பார்த்தேன். அவருடைய மூன்று மரமும் விறகாகி அடுப்படியில் கிடந்தன. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

2. பூச்சியை அதன் இடத்தில் தேடுங்கள். கிரீனிங்கைக் காவும் சைலிட் மூன்று, நான்கு மில்லிமீற்றர் தான். தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கிச் சரிவாக உட்கார்ந்திருக்கும். ஒருமுறை கண்டால் மறக்காது. முட்டையிடுவது விரியாத இளந்தளிரில் மட்டும். ஆகவே மழைக்குப் பின் மரம் துளிர்க்கும் நாட்களில் போங்கள். தேசியோடு நிற்காமல் கிணற்றடிக் கறிவேப்பிலையையும் பாருங்கள். சைலிட்டுக்கு அதுவும் பிடித்த வீடு. நம் கண்டி வீட்டுத்தோட்டங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தானே நிற்கின்றன.

3. பூச்சிக்குள் பற்றீரியா இருப்பதாலேயே அது நோய்க்காவி ஆகிவிடாது. இதில் தான் பலர் சறுக்குகிறார்கள். பூச்சியை நசுக்கி பி.சி.ஆர். செய்து பட்டை தெரிந்தவுடன் கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். நோயுற்ற செடியின் உரியத்தில் வாய் வைத்த எந்தப் பூச்சியின் வயிற்றிலும் அந்தப் பற்றீரியா இருக்கலாம். அது குடற்சுவரைக் கடந்து, உடலுக்குள் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், உமிழ்நீரோடு வெளியே வந்தால் தான் அடுத்த செடிக்கு ஆபத்து. அதை நிரூபிக்க ஒரே வழி பழைய வழி. சுத்தமான செடியில் பூச்சியை வளர்த்தெடுங்கள். நோய்ச்செடியில் விட்டுக் குடிக்க வையுங்கள். சில வாரம் பொறுத்து நலமான கன்றுக்கு மாற்றுங்கள். நோய்ச்செடியைத் தொடாத பூச்சிகளை அதே எண்ணிக்கையில் வேறு கன்றுகளில் விடுங்கள். பிறகு காத்திருங்கள், தேசியில் குறி தெரிய மாதக்கணக்காகும். பி.சி.ஆர். என்ற பெயரே பிறக்காத 1967இல் கபூரும் அவருடைய கூட்டாளிகளும் சைலிட் தான் கிரீனிங்கைக் காவுகிறது என்று இந்தியாவில் இப்படித் தான் காட்டினார்கள்.

4. கூண்டு வலையை நாளும் தடவிப் பாருங்கள். ஓட்டை ஒன்று விழுந்தால் ஒரு வருட வேலை போயிற்று.

5. வளர்ப்பு ஊடகத்தில் வளரவில்லை என்று மனம் உடையாதீர்கள். கிரீனிங் பற்றீரியாவும் பைட்டோபிளாஸ்மாக்களும் நெய்யரிக்குழாய்க்குள் வாழப் பழகியவை. தட்டில் வளர்த்துக் கொக் சொன்ன விதிகளை நிறைவேற்ற அவை இலேசில் விடா. கோயம்புத்தூரில் தோமஸும் கிருஷ்ணசாமியும் 1939இல் எழுதிய கத்தரிச் சிற்றிலை நோய் நெடுங்காலம் வைரசு நோய் என்றே எண்ணப்பட்டது. 1967இல் ஜப்பானில் டொய் குழுவினர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அதே வகை நோய் கண்ட மல்பெரியின் உரியத்தைப் பார்த்தபோது, உள்ளே சுவரில்லாத பற்றீரியாக்கள். வைரசை ஒன்றும் செய்யாத டெட்ராசைக்கிளின் கொடுத்ததும் நோய்க்குறி தணிந்தது. செடியிலிருந்து செடிக்கு மாற்ற வேண்டுமா, அம்மையார் கூந்தலைப் படரவிட்டுப் பட்டிப்பூவுக்குக் கொண்டு போங்கள். பணம் செலவில்லாத பாலம் அது.

6. விவசாயி பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். சிற்றிலை வந்த கத்தரி பூக்காது, காய்க்காது. அப்படிப் பூத்தாலும் பூவே இலையாக மாறிவிடும். ஆனால் புதராய்ப் பச்சென்று நிற்பதால் “பரவாயில்லை, இனிக் காய்க்கும்” என்று பிடுங்காமல் விடுவார்கள். அந்தப் பச்சைச் செடியில் குடித்த தத்துப்பூச்சி அடுத்த பாத்திக்குப் போகும். எந்தச் செடி எந்த வாரம் முதலில் சுருங்கியது என்று அந்த விவசாயிக்குத் தெரியும். அதைக் கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள்.

7. 1880 முதல் 1882 வரை இங்கே இலங்கையில் கோப்பித் துரு நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். அவருடைய காவி காற்று, உங்களுடையது பூச்சி. கருவி எளியதாக இருப்பதில் வெட்கமில்லை.

8. கிரீனிங் பிடித்த மரத்தைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. சுத்தமான கன்று, சைலிட்டைக் கட்டுப்படுத்துவது, நோய்மரத்தை வேரோடு எடுப்பது, இவ்வளவு தான் கையில் உள்ளவை. இவற்றைத் தோட்டக்காரர் காலத்தோடு அறிய வேண்டுமானால், மாதிரி எடுத்த வீட்டுக்கு முடிவோடு திரும்பிப் போங்கள். தமிழிலோ சிங்களத்திலோ, அவர் வாசிக்கும் மொழியில், ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.