லினக்ஸில் இறுவட்டுக் காப்பு: வழுக்களைக் கண்டறிதல்

வன்தட்டு பழுதடைந்தால் உங்கள் ஒளிப்படங்களும் செயற்றிட்டக் கோப்புகளும் ஒருங்கே இழக்கப்படலாம். இதனைத் தவிர்க்கவே காப்புப் பிரதி எடுக்கப்படுகின்றது. இறுவட்டில் எழுதும்போது தவறு நேர்ந்தால் பின்வரும் ஒழுங்கில் சோதியுங்கள்.

1. கொள்ளளவு: 80 நிமிட இறுவட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைற்று ஆகும். கோப்புகளின் மொத்த அளவு இதனை விஞ்சினால் பிரித்து எழுதுங்கள்.

2. வட்டின் வகை: சீடி-ஆர் வட்டில் எழுதியதை அழிக்க முடியாது. ஏற்கெனவே எழுதப்பட்ட சீடி-ஆர்டபிள்யூ வட்டாயின் முதலில் அதனை வெறுமையாக்குங்கள்.

3. அனுமதி: அனுமதி மறுக்கப்பட்டதாகச் செய்தி தோன்றினால், உங்கள் பயனர் கணக்கு உரிய குழுவில் உள்ளதா எனப் பாருங்கள். டெபியனில் இக்குழுவின் பெயர் சீடிரொம்.

4. கதி: தரவு தொடர்ச்சியாகக் கிடைக்காவிடின் எழுதியின் இடையகம் வெறுமையாகி வட்டு பழுதாகலாம். ஏனைய செய்நிரல்களை மூடி, எழுதும் கதியைக் குறையுங்கள்.

5. கோப்புப் பெயர்: ஐஎஸ்ஓ 9660 முறையில் நீண்ட பெயர்கள் சுருக்கப்படலாம். லினக்ஸுக்கு ரொக் ரிட்ஜ், விண்டோஸுக்கு ஜோலியட் ஆகிய நீட்சிகளைத் தெரிவுசெய்யுங்கள்.

கவனிக்க: எழுதி முடிந்தது என்ற செய்தி மாத்திரம் போதாது. வட்டை வெளியே எடுத்து மீண்டும் இட்டு, கோப்புகளை மூலத்துடன் ஒப்பிடுங்கள். மூலக் கோப்பை அழித்துவிட்டால் எஞ்சுவது காப்பு அன்று, ஒரேயொரு பிரதியே.

வினா: 1500 மெகாபைற்று கோப்புகளைக் காப்பெடுக்க 700 மெகாபைற்று வட்டுகள் ஆகக் குறைந்தது எத்தனை தேவை?
விடை: 3. இரண்டு வட்டுகள் 1400 மெகாபைற்றையே கொள்ளும்.