ஊராட்சி மன்றங்களில் புதுமையும் மக்கள் பயனும்

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் லயத்துக் கால்வாயையும் குப்பையையும் நிர்வாகம் கவனித்து வந்தது. பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாறியும் போனபின், நம்மவர் பலர் ஈப்போவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறினர். அங்கே இப்பணிகள் ஊராட்சி மன்றத்தைச் சார்ந்தவை. ஆகவே, மன்றம் மேற்கொள்ளும் புதுமைகளால் நமக்கு விளையும் பயனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இப்புதுமைகளை மூவகையாகப் பிரிக்கலாம். நம் தொழிலைக் கொண்டே இவற்றை விளக்குவோம்.

முதலாவது, உள்ள பணியைச் செம்மைப்படுத்துதல். இது கத்தியைத் தீட்டிப் பட்டையைச் சீராக வெட்டுவது போன்றது. குப்பை வண்டி குறித்த நாளில் வருவதும், புகாருக்கு விரைவில் பதில் கிடைப்பதும் இவ்வகையைச் சேரும்.

இரண்டாவது, மாறும் நிலைமைக்கேற்ப முறையை மாற்றுதல். மழைநீர் பாலில் கலவாதிருக்க மரத்தில் மறைப்புக் கட்டுகிறோம் அல்லவா? அதுபோல, குடியிருப்போரின் குறைகளைக் கேட்டு மன்றம் தன் வழக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வருங்காலத்திற்கு ஆயத்தம் செய்தல். இது மறுநடவு போன்றது. கன்று பால் தர ஏறத்தாழ 6 ஆண்டுகள் ஆகும். வீடுகள் எழுமுன்பே வெள்ளநீர் வடியும் வழியை வகுப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

பால் வெட்டு மட்டும் நடந்து மறுநடவு நின்றால் தோட்டம் அழியும். எல்லா மரங்களையும் ஒரே ஆண்டில் வீழ்த்தினாலோ, தொழிலாளர் வீட்டில் அடுப்பெரியாது. மன்றத்திற்கும் இந்தச் சமநிலை வேண்டும். கால்வாய் அடைத்துக் கிடக்கையில் பெரிய திட்டங்கள் மட்டும் பயன் தரா.

1992-இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் ஏற்கப்பட்ட 'அஜெண்டா 21' திட்டம், ஊராட்சி மன்றங்கள் மக்களுடன் கலந்து பேசித் திட்டம் வகுக்க வேண்டுமென வலியுறுத்தியது. மலேசியாவில் 2000-ஆம் ஆண்டில் இதற்கு முன்னோடியாக அமைந்தவை நான்கு மன்றங்கள். பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மீரி ஆகிய நகரங்களோடு, நெல்வயல்களும் மீனவர் ஊர்களும் கொண்ட பேராக்கின் கிரியான் மாவட்டமும் அவற்றுள் ஒன்றாகும். மக்களைக் கலந்து திட்டமிடுதல் நகரத்தார்க்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டுகிறது.

1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆயினும், மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என அச்சட்டமே கூறுகிறது. வாக்கு இல்லாதவிடத்து நம் குரலே நமக்குத் துணை.

எனவே, குடியிருப்போர் ஒன்றுகூடிக் குறைகளை எழுத்தில் தெரிவிப்போம். இன்றைய பணி சீராக நடக்கிறதா, நம் சொல் கேட்கப்படுகிறதா, நாளைக்கு ஆயத்தம் உண்டா என்னும் மூன்று கேள்விகளையும் மறவாது கேட்போம்.