வாழைக்குத் தாய் எது? தந்தை எது?

எங்கள் சாந்திபுரத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கால் ஏக்கரில் வாழை வைத்தார். கன்றுகளைச் சொந்தக்காரர் தோட்டத்திலிருந்து சும்மா வாங்கி வந்தார். சில மாதங்களில் இலைகள் குறுகி, நுனியில் கொத்தாக நிமிர்ந்து நின்றன. ஒரு மரம்கூடக் குலை தள்ளவில்லை. அது முடிக்கொத்து நோய். அதற்கு மருந்து கிடையாது. தாய் மரத்தில் இருந்த நோய் கன்றோடு வந்துவிட்டது.

"நோயைத் தாங்குகிற வாழையை விதை போட்டு உண்டாக்க முடியாதா, தம்பி?" என்று இரவு வகுப்பில் பெரியம்மா கேட்டார்.

நல்ல கேள்வி. வாழைப்பழத்தைப் பிட்டுப் பாருங்கள். நடுவில் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அவை முளைக்காது. ஏன்? செடியின் குணங்களை ஏந்தும் நுண்ணிய இழைகள் உண்டு. குரோமோசோம் என்பார்கள். நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவற்றில் இவை மூன்று தொகுதி, மொத்தம் 33. விதை உண்டாக இவை சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்று தொகுதியை இரண்டு சமபங்கு வைக்க முடியுமா?

காட்டு வாழையில் இரண்டே தொகுதி, மொத்தம் 22. பழம் நிறைய விதை, மிளகைவிடக் கடினம். வாயில் வைக்க முடியாது. ஆனால் அதனிடம் பலம் இருக்கிறது.

எனவே ருசியுள்ள ஒன்றையும் பலமுள்ள ஒன்றையும் சேர்க்கிறார்கள். தாய்க்கு நாலு விதையாவது பிடிக்க வேண்டும். தந்தையின் மகரந்தத்துக்கு உயிர் இருக்க வேண்டும். எவ்வளவு ருசியாக இருந்தாலும், விதையே பிடிக்காத ரகம் தாயாக உதவாது.

வாழைத் தாரில் சீப்பாக மாறுபவை பெண் பூக்கள். நாம் ஆய்ந்து பொரியல் செய்பவை ஆண் பூக்கள். (தந்தையைத்தான் சமைக்கிறோம் என்றதும் வகுப்பே சிரித்தது.) விடியற்காலையில் தந்தை மரத்தின் ஆண் பூவை எடுத்து, தாய் மரத்தின் பெண் பூக்களில் தடவுவார்கள். பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு தாரில் சில விதைகள் கிடைத்தாலே பெரிது. அவற்றிலும் பல முளைக்காது. அதனால் விதைக்குள் இருக்கும் கருவை எடுத்து, கண்ணாடிக் குழாயில் வளர்ப்பதும் உண்டு.

நம் நாட்டில் இந்த வேலை 1949-இல் தஞ்சைப் பக்கம் ஆடுதுறையில் தொடங்கியது. பின்னர் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1984-இல் 'கோ 1' என்ற ரகத்தை வெளியிட்டது. முதலில் லாடன் வாழையைச் சவாய் என்னும் விதை வாழையோடு சேர்த்தார்கள். பிறந்த பிள்ளையை மறுபடியும் இனிப்பான கதலியோடு சேர்த்தார்கள். இரண்டு தலைமுறை வேலை! கோ 1 பழத்தில் விருப்பாட்சி மலைவாழையின் மணமும் லேசான புளிப்பும் இருக்கும். மலைவாழை போலன்றி, சமவெளியிலும் விளையும்.

"அதுவரை நான் என்ன செய்ய?" என்றார் பெரியம்மா.

புது ரகம் உண்டாக்குவது நம் வேலை அல்ல. கன்றுக்குத் தாயைத் தேர்ந்தெடுப்பது நம் வேலை. கன்றை மட்டும் பார்க்காதீர்கள். தாய் மரம் குலை தள்ளியபோது பாருங்கள். தார் பெரிதா? அந்தத் தோட்டத்தில் ஒரு மரத்திலாவது முடிக்கொத்து உண்டா? இருந்தால் அங்கே கன்றே வேண்டாம். அசுவினிப் பூச்சி அந்த நோயை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். ஈட்டி போல ஒடுங்கிய இலையுள்ள கன்றை எடுங்கள். அகன்ற இலையுள்ள நீர்க்கன்று வேண்டாம். கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கட்டும். வண்டு துளைத்த ஓட்டை இருந்தால் விட்டுவிடுங்கள்.

பெரியம்மா நோய் கண்ட மரங்களைக் கிழங்கோடு தோண்டி அழித்தார். இந்த முறை வேறு தோட்டத்துக்கு, குலை தள்ளும் காலத்திலேயே போனார். பிடித்த மரங்களில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தார்.