சிறுநீர்ப்பைக்குள் ஒரு விளக்கு

மாரிகுப்பத்துக்காரருக்கு விளக்கின் அருமையைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. தலையில் விளக்கைச் செருகிக்கொண்டு கோலார் தங்கவயலின் அடியாழத்தில் இறங்கி உழைத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். இருட்டறையைக் காண வேண்டுமாயின் விளக்கு அறைக்குள்ளேயே செல்ல வேண்டும். நான் ஈண்டு எழுதப் புகும் சோதனையின் அடிப்படையும் இதுவே. மருத்துவர் இதனைச் சிஸ்டோஸ்கோப்பி என்பர். சிறுநீர்ப்பை உள்நோக்கல் என நாம் சொல்லலாம்.

என் பெரியப்பா 2001இல் சுரங்கம் மூடப்படும்வரை அடியில் வேலை செய்தவர். சென்ற ஆண்டு அவருக்குச் சிறுநீரில் இரத்தம் கண்டது, வலி இல்லை. “உடம்புச் சூடுடா, இளநீர் குடிச்சா போயிடும்” என்று மூன்று திங்கள் மறைத்தார். இரத்தம் இடையில் நின்றும் போயிற்று. நண்பர்களே, ஏமாற்றுவது அதுதான். கல், தொற்று, புராஸ்டேட் வீக்கம் எனக் காரணம் பல உண்டு. எனினும் வலியின்றி வந்து தானே நிற்கும் இரத்தம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். எங்களூரில் தூசியால் வரும் சிலிகோசிஸைப் பற்றி எல்லாரும் அறிவர். பீடிப் புகையின் நஞ்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரில் இறங்கி, பையில் தங்குகிறது என்பதை அறிந்தவர் சிலரே.

1879இல் மாக்சிமிலியன் நிட்சே என்னும் செருமானிய மருத்துவர் வியன்னாவில் இக்கருவியைக் காட்டினார். மின்சாரத்தால் ஒளிரும் பிளாட்டினக் கம்பியே விளக்கு. சுடாமலிருக்க நீரோட்டம் வேறு! 1954இல் ஹாப்கின்சும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவத்தை வளைத்து அனுப்பலாமென எழுதினர். முழு அகப் பிரதிபலிப்பு என்று நாம் தேர்வுக்கு உருப்போடுவது இங்கே பயன்படுகிறது. இன்றைய வளையும் குழாய் பென்சிலினும் மெல்லியது. நுனியிலேயே காமிரா வைத்தவையும் உண்டு.

இனி முன்னேற்பாடு. முதலில் சிறுநீர்ச் சோதனை. தேவையாயின் கிருமி வளர்ப்புச் சோதனையும் செய்வர், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். தொற்று இருந்தால் உள்நோக்கலைத் தள்ளிவைப்பர். பெரியப்பாவைப் பெங்களூர் வரை அழைத்துப் போய் ஒருமுறை வெறுங்கையோடு திரும்பினோம். அவருக்குக் கோபம், எனக்கோ அது சரியெனப் பட்டது. கிருமியுள்ள பையில் குழாயையும் நீரையும் செலுத்தினால் கிருமி இரத்தத்துக்குள் புகுந்துவிடலாம்.

உண்ணும் மருந்துகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் செல்க. ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை முன்னரே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது, அஃது இதயத்துக்கு ஆபத்து. நீரிழிவு மாத்திரை, மருந்து ஒவ்வாமை, இதயத்தில் பொருத்திய வால்வு ஆகியவற்றையும் மறைக்கலாகாது.

உணவைப் பற்றித்தான் குழப்பம் மிகுதி. வளையும் குழாயெனில் மரப்பு மருந்துக் களிம்பு மட்டுமே, வழக்கம்போல் உண்ணலாம். விறைத்த குழாயை முதுகுத்தண்டு ஊசியோ முழு மயக்கமோ கொடுத்துச் செலுத்துவதானால் பெரும்பாலும் ஆறு மணிநேரம் உணவு கூடாது. தெளிந்த நீரையும் இரண்டு மணிநேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். இரண்டில் எது என்பதை முன்னாளே கேட்டறிக. விடியற்காலை இரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஐயம் எழுவதால் பயனில்லை. மயக்கம் கொடுப்பதாயின் துணைக்கு ஒருவர் கட்டாயம்.

சோதனைக்குச் சற்றுமுன் சிறுநீர் கழிக்கச் சொல்வர். களிம்பிட்டுச் சில நிமிடம் காத்திருப்பர். ஆடவர்க்குக் குழாய் புராஸ்டேட்டைக் கடக்கும் கணம் கூசும். அப்போது மூச்சை மெல்ல விட்டு, சிறுநீர் கழிப்பதுபோல் உடலைத் தளர்த்துதல் நலம். பையை உப்புநீரால் நிரப்பும்போது முட்டும். ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரியப்பா எல்லாவற்றினும் அஞ்சியது வலியையன்று, வெட்கத்தையே. உள்ளே ஒரு சிறு கட்டி தெரிந்தது. பின்னர் குழாய் வழியாகவே அகற்றினர். இப்போது மூன்று திங்களுக்கொருமுறை உள்நோக்கல்.

முடிந்தபின் ஓரிரு நாள் எரிச்சலும் இளஞ்சிவப்புச் சிறுநீரும் இயல்பு. நீர் நிறையப் பருகுக. குளிர்காய்ச்சல் கண்டாலோ, இரத்தக்கட்டி வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, நள்ளிரவானாலும் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்க. விடியற்கால இரயிலுக்குக் காத்திருத்தல் ஆகாது.