போன்ல பாடுற கார்டு, கார்ல ஏன் பாடல?

64 ஜிபி மெமரி கார்டு நிறைய பாட்டு ஏத்தி கார் ஸ்டீரியோல போட்டா 'எரர்'னு வருதா? கார்டு கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. பெரும்பாலும் பிரச்சனை அதோட ஃபார்மேட்தான்.

4 முதல் 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகள் ஃபேட்32 முறையில் வரும். அதற்கு மேல் உள்ள எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். இப்போதைய போன், லேப்டாப் ரெண்டையும் படிக்கும். பழைய ஸ்டீரியோ பலவற்றுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும்.

64 ஜிபி கார்டையும் ஃபேட்32-ஆ மாத்தலாம். ஆனா பல விண்டோஸ் கணினிகளின் ஃபார்மேட் மெனு 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32-ஐக் காட்டாது. அதுக்குத் தனி மென்பொருள் வேணும்.

அதைவிட, பாட்டுக்குன்னு தனியா ஒரு 32 ஜிபி கார்டு வாங்கிடுங்க. கணக்குப் பாருங்க: 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி. 5 நிமிடப் பாட்டு 12 எம்பி. அப்போ 2,500 பாட்டு தாராளமா அடங்கும்.

முக்கியமான விஷயம்: ஃபார்மேட் பண்ணினா கார்டில் இருக்கிற எல்லாமே போயிடும். ஊருக்குக் கிளம்புற அவசரத்துல அம்மா போன் கார்டை நான் அப்படித்தான் பண்ணினேன். பாட்டைத் திரும்ப ஏத்திட்டேன். தங்கச்சி காதுகுத்து போட்டோ திரும்பி வரவே இல்லை. முதல்ல லேப்டாப்ல ஒரு காப்பி எடுங்க, அப்புறம் ஃபார்மேட் பண்ணுங்க.