மலைப்பாதைக்கு எந்த வண்டி?

மாட்டுச் சந்தைக்குப் போனவர் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார். மோட்டார் சைக்கிளுக்குப் பல் இல்லை. அதன் வயதை ஆர்.சி. புத்தகம் சொல்கிறது; ஓடிய தூரத்தை மீட்டர் சொல்கிறது. இவ்விரண்டையும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடலாமா என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இயற்பியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று விடுதி நண்பர்கள் சிரித்தனர். எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் இருக்கிறது. என் அண்ணன் கைப்பேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தப் பணியாளர். மின்சாரம் நின்று, கோபுரத்தின் பேட்டரியும் இறங்கிவிட்டால் நள்ளிரவானாலும் புறப்பட்டாக வேண்டும். முதுகில் பதினைந்து கிலோ கருவிப்பை. தார்ச்சாலை முடிந்தபின் கல்லும் மண்ணும். ஐப்பசி, கார்த்திகையில் சேறு. ஆறு ஆண்டுகள் உழைத்த நூறு சி.சி. வண்டியின் சேஸிஸ் சென்ற மழைக்காலத்தில் பற்றவைத்த இடத்தில் விரிந்துவிட்டது. சொந்த வண்டி இல்லாதவருக்கு அந்தப் பணி இல்லை. வீட்டில் இருந்த தொகை 1,40,000 ரூபாய். அதில் 60,000 அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வந்தது. புது வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. கரடுமுரடான பாதைக்கென்று செய்யப்பட்ட பழைய வண்டி ஒன்றை வாங்குவது என்று முடிவாயிற்று.

அண்ணனின் விருப்பம் ராயல் என்பீல்டு ஹிமாலயன். இவ்வண்டி 2016 மார்ச்சில் வெளிவந்தது. 411 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், ஏறத்தாழ 24 குதிரைத்திறன். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். தரையிலிருந்து அடிப்பாகம் 220 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். பெரிய முன்சக்கரத்தின் பயன் எளிதில் விளங்கும். ஒரே உயரமுள்ள கல்லின்மேல் சிறிய சக்கரம் முட்டுகிறது. பெரிய சக்கரம் ஏறிக் கடக்கிறது. நம் பாட்டனார் காலத்து மாட்டுவண்டிச் சக்கரமும் இக்காரணத்தால்தான் அத்தனை பெரிதாக இருந்தது.

இந்த 411 சி.சி. வண்டியிலேயே காலத்துக்கேற்பச் சில பிரிவுகள் உண்டு. முதலில் வந்தது கார்புரேட்டர் பூட்டியது. பி.எஸ். 3 தர வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின் பியூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பிறகு ஏ.பி.எஸ். எனப்படும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு சேர்ந்தது. 2020இல் வந்த பி.எஸ். 6 வண்டியில் பின்சக்கரத்தின் ஏ.பி.எஸ்.ஸை மட்டும் நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தானும் உண்டு. 2023 நவம்பரில் 452 சி.சி. கொண்ட முற்றிலும் புதிய ஹிமாலயன் வந்ததால் 411 விடைபெற்றது. இனிப் பழைய சந்தையில்தான் அதைத் தேட வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று நாமக்கல்லில், 2016ஆம் ஆண்டின் கார்புரேட்டர் வண்டி, ஒரே கை, மீட்டரில் 24,000 கிலோமீட்டர், கேட்ட விலை 82,000. மற்றொன்று சேலத்தில், 2020ஆம் ஆண்டின் பி.எஸ். 6 வண்டி, இரண்டு கை மாறியது, மீட்டரில் 19,000 கிலோமீட்டர், கேட்ட விலை 1,38,000. நான்கு ஆண்டு இளையது, ஐயாயிரம் கிலோமீட்டர் குறைவாக ஓடியது, கையில் இருக்கும் பணத்துக்குள் அடங்குவது. நான் சேலத்து வண்டியின் பக்கம் நின்றேன். அண்ணன் நாமக்கல் வண்டியின் பக்கம் நின்றார். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் வாதம் புத்தக வாதம். கார்புரேட்டர் காற்றின் அடர்த்தி மாறுவதை அறியாது. கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி 11 விழுக்காடு குறைகிறது. கார்புரேட்டர் இழுத்துவிடும் பெட்ரோலோ அதே அளவில் குறைவதில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் கலவையில் பெட்ரோல் ஏறத்தாழ 6 விழுக்காடு மிகுந்துவிடுகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணர்கருவி இதைக் கண்டு பெட்ரோலைக் குறைத்துவிடும். ஆகவே மலைக்குப் புதியதே சிறந்தது என்றேன்.

பிறகு இன்றைய பெட்ரோலை நினைத்தேன். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. ஒரு கிராம் தூய பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிராம் போதும், கலவைக்கு 13.5 அளவில் வரும். எனவே பெட்ரோலுக்கென அமைத்த கார்புரேட்டரில் இக்கலவையை ஊற்றினால் எரிபொருள் 7, 8 விழுக்காடு போதாமல் போகும். உயரம் 6 விழுக்காடு கூட்டுகிறது. எத்தனால் 7, 8 விழுக்காடு குறைக்கிறது. எங்கள் ஊர் உயரத்தில் இரண்டும் ஏறத்தாழக் கழிந்துவிடுகின்றன! மலையடிவாரத்தில் மட்டும் எஞ்சின் சற்றுச் சூடேறி ஓடும். என் வாதத்தை என் கணக்கே பாதி தின்றுவிட்டது. ஆனால் எத்தனாலால் ரப்பர் குழாய்களுக்கு வரும் கேடு இரண்டு வண்டிக்கும் பொது. இரண்டுமே 20 விழுக்காட்டுக்கென்று செய்யப்பட்டவை அல்ல.

அண்ணனின் வாதம் வேறு. “நடு ராத்திரியில வண்டி நின்னா நான் யாரைத் தேடுறது? கார்புரேட்டரை நானே கழற்றிக் கழுவிடுவேன்” என்றார். செம்மேட்டில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் பிழைக்குறி படிக்கும் கருவி இல்லை. அதற்கு மலையிறங்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். பேட்டரி இறங்கினால் கார்புரேட்டர் வண்டியைச் சரிவில் உருட்டிக் கிளப்பிவிடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்பு ஓடவே மின்சாரம் வேண்டும். பேட்டரி முற்றும் செத்துவிட்டால் உருட்டிப் பயனில்லை. இதற்கு என்னிடம் விடை இல்லை.

எனினும் ஏ.பி.எஸ். பற்றிய என் கருத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் நனைந்த தாரில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் அரை நொடியில் வண்டி கீழே கிடக்கும். மண்பாதையில் கதை வேறு. பூட்டிய சக்கரம் சரளையைத் தன் முன்னே குவித்து அதிலேயே சிக்கி நிற்கிறது, அங்கு ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைக் கூட்டுவதும் உண்டு. பின்சக்கரத்துக்கு மட்டும் அதை நிறுத்தும் பொத்தான் வைத்ததன் கருத்து இதுவே. அண்ணன் தாரிலும் போகிறார், மண்ணிலும் போகிறார். உயிர் போகும் வேகம் தாரில்தான் இருக்கிறது.

முடிவுக்கு வர முடியாததால் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு இரண்டையும் நேரில் பார்ப்பதென்று கிளம்பினோம். துறைத்தலைவரிடம் அனுமதி பெற்று ஆய்வகத்தின் திருகு அளவி ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் சேலம். வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. மெக்கானிக் எஞ்சினைக் கிளப்பவே இல்லை. முதலில் கையால் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், இளஞ்சூடாக இருந்தது. பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்; வால்வு, செயின் ஓசையெல்லாம் அப்போதுதான் கேட்கும். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தச் சொல்லி ஹேண்டில்பாரை ஒரு விரலால் இடம் வலமாக நகர்த்தினார். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் ஒரு சொடுக்கு. கோன் செட்டில் குழி விழுந்திருக்கிறது. முன் போர்க்கை அழுத்திவிட்டபோது குழாயில் எண்ணெய் வளையம் படிந்தது. ஸ்பானரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். நான்கு கம்பிகள் மணியோசை தராமல் மொட்டையாக ஒலித்தன, அந்த இடத்தில் ரிம் உள்வாங்கியிருந்தது. எஞ்சினுக்கு அடியிலுள்ள தகட்டில் பாறை உரசிய கோடுகள். இவ்வளவுக்கும் மீட்டரில் 19,000. “தம்பி, மீட்டரை மாத்திடலாம். பெடல் ரப்பரை யாரும் மாத்த மாட்டாங்க, பாரு” என்றார். ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது.

பின் பிரேக் டிஸ்க்கை நான் அளந்தேன். வெர்னியரின் தாடைகள் தேயாத வெளி விளிம்பில் உட்கார்ந்துவிடும். அது காட்டும் அளவு பொய். திருகு அளவியின் முனை சிறிது. தேய்ந்த பகுதியிலேயே வைக்கலாம். தட்டில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவைவிட 0.1 மில்லிமீட்டர்தான் மிச்சம் இருந்தது. 19,000 கிலோமீட்டரில் இவ்வளவு தேய்மானம் என்பதை மெக்கானிக்கும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானதைக் கடைசியில் கண்டோம். ஏர் பில்டரைக் கழற்றி, அதற்கு அப்பால் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயின் உள்ளே மெக்கானிக் விரலை விட்டுத் துடைத்தார். விரல் நுனியில் செம்மண் பொடி. மண்பாதையில் ஓடும் வண்டிக்கு நஞ்சு இதுவே. பில்டரைத் தாண்டிய தூசி எண்ணெயோடு கலந்து, சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஓராண்டு கழித்து நீலப்புகையாகத் தெரியும்.

மறுநாள் நாமக்கல். அந்த வண்டி ஒரு கொட்டகையில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. பார்க்கவே பரிதாபம். பேட்டரி செத்திருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் உலர்ந்து பிசினாகப் படிந்திருந்தது. டயர்களின் பக்கவாட்டில் 0916 என்ற எண். அதாவது 2016ஆம் ஆண்டின் ஒன்பதாம் வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயவில்லை, ஆனால் ரப்பர் பலகை போல் இறுகி வெடித்திருந்தது. இதைப் பார்த்ததும் நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மெக்கானிக் மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். போர்க் குழாய் கண்ணாடி போல் இருந்தது. கம்பிகள் எல்லாம் ஒரே சுருதி. ஸ்பிராக்கெட் பற்கள் கொக்கி போல் வளையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்ததில் டேங்கில் துரு இல்லை. காற்றுக் குழாயில் விட்ட விரல் சுத்தமாக வெளியே வந்தது. கார்புரேட்டரை அங்கேயே கழுவி, கொண்டுபோன பேட்டரியைப் பூட்டி, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினோம். சிறிது தயங்கிக் கிளம்பியது, புகை இல்லை.

அங்கு நின்றபோதுதான் எனக்குப் பொருள் விளங்கியது. ஒன்று ஓடிக் கெட்ட வண்டி. மற்றது நின்று கெட்ட வண்டி. நின்று கெடுபவை பெரும்பாலும் ரப்பரும் பேட்டரியும். அவற்றை வாங்கி மாற்றிவிடலாம். ஓடிக் கெடுபவை உலோகம். எஞ்சினின் உள்ளே எவ்வளவு தேய்ந்தது என்பதை அதைப் பிரிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. நான்கு ஆண்டு இளமை என்று நான் எண்ணியது ஆர்.சி. புத்தகத்தின் இளமை.

அன்றிரவு கணக்குப் போட்டேன். நாமக்கல் வண்டி பேரத்தில் 78,000க்கு இறங்கியது. டயர் இரண்டு 9,500, செயின் செட் 4,000, கோன் செட் 1,500, பிரேக் கட்டை 1,200, பெட்ரோல் குழாயும் கார்புரேட்டர் ரப்பர்களும் 2,300, பேட்டரி 2,500, எண்ணெயும் கூலியும் 3,000. ஆக 24,000, மொத்தம் 1,02,000. சேலத்து வண்டி 1,32,000க்கு வந்தாலும் போர்க், ரிம், டிஸ்க், டயர், செயின் என்று 25,000க்குக் குறையாது, கைப்பணத்தைத் தாண்டிவிடும். எஞ்சின் வேலை வந்தால் அது தனி. நாமக்கல் வண்டிக்கு எதிராகவும் ஒன்றை எழுதி வைத்தேன்: கார்புரேட்டர் பூட்டிய ஹிமாலயன் விற்பனையில் இருந்தது ஓராண்டு அளவே, அதற்கென்றே உள்ள உதிரிப் பாகங்களை வரும் ஆண்டுகளில் தேடி அலைய நேரும். பதிவும் 2031இல் பதினைந்து ஆண்டு முடிந்து புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

நல்ல நிலையில் உள்ள 2020 வண்டி ஒன்று அதே விலைக்குக் கிடைத்திருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். கிடைக்கவில்லை. நாமக்கல் வண்டியை வாங்கினோம்.

பத்திர வேலையைப் பற்றி ஒரு சொல். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமலே ஓட்டும் பழக்கம் எங்கள் பக்கத்தில் மிகுதி. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றவர் இதை அறிந்தவர். அவரே எங்களோடு அலுவலகத்துக்கு வந்தார். சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்பே பணம் கொடுத்தோம்.

மிச்சம் 38,000 ரூபாய். அடகுக் கடனில் பாதிக்குமேல் அன்றே கட்டியாயிற்று. ஏ.பி.எஸ். இல்லாத குறைக்கு என்னால் செய்ய முடிந்தது ஒரு கணக்குதான். நூற்றுக்கு எட்டு சரிவுள்ள ஈரத் தாரில், உராய்வுக் கெழு 0.5 எனக் கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் வண்டி ஏறத்தாழ 15 மீட்டர் ஓடி நிற்கும். 30 கிலோமீட்டரில் எட்டரை மீட்டரில் நிற்கும். இதைச் சிறு அட்டையில் எழுதி டேங்கின்மேல் ஒட்டினேன். அண்ணன் படித்துவிட்டு, “எட்டரை மீட்டரா? சரி, முப்பது” என்றார். மழை பெய்யும் இரவுகளில் அவர் காரவள்ளி சேர்ந்து கைப்பேசியில் கூப்பிடும்வரை அம்மா விளக்கை அணைப்பதில்லை.