வரப்பு தாண்டும் தண்ணீர்

வாடிப்பட்டி

அன்புள்ள மாப்ளைக்கு,

"உலா நம்மூர்க்காரங்க செஞ்ச பிரவுசர்தானே மாமா, அதுக்கும் எதுக்கு அடிக்கடி அப்டேட்?" என்று போனில் கேட்டாய். பஸ் இரைச்சலில் பாதிதான் சொன்னேன். மீதி இது.

சோஹோ 2023-ல் வெளியிட்ட உலா, 2025-ல் மத்திய அரசின் பிரவுசர் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. எனக்கும் பெருமைதான். ஆனால் அதன் அடித்தளம் குரோமியம். கூகுள் குரோமுக்கும் அதே அடித்தளம். (குரோமை முன்நின்று கொண்டுவந்த சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர், அதனால் அதுவும் நம்மூர்ச் சரக்குதான் என்பாள் உன் அம்மா.) அஸ்திவாரத்தில் விரிசல் விட்டால் இரண்டு வீட்டுக்கும்தான் ஆபத்து.

குரோமியத்தின் பெரும்பகுதி சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியது. வேகமான மொழி. ஆனால் மெமரியில் இடம் கேட்பது, அளவு பார்ப்பது, திருப்பிக் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் எழுதுகிறவர் பொறுப்பு.

பெரியாறு கால்வாய்த் தண்ணீர் நம் வயலுக்குப் பாயும்போது மடையை மூட மறந்தால் என்ன ஆகும்? வரப்பு தாண்டிப் பக்கத்து வயல் நாற்று மூழ்கும். 2023 செப்டம்பரில் அதுதான் நடந்தது. வெப்பி என்ற பட வகையை விரிக்கும் நிரல், ஓர் அட்டவணைக்கு ஒதுக்கிய இடம் போதாமல் எல்லை தாண்டி எழுதியது. இந்த ஓட்டைக்கென்றே கோணலாகச் செய்த படம் ஒன்று நீ திறக்கும் வலைப்பக்கத்தில் இருந்தால் போதும். நீ அதைத் தொடக்கூட வேண்டாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன.

இன்னொரு வகை இதைவிட நயவஞ்சகமானது. குத்தகை முடிந்து வயலை ஒப்படைத்தாயிற்று. பழைய குத்தகைக்காரர் அதை மறந்து, தான் நட்ட நெல் என்று நம்பி அறுக்க வருகிறார். அதற்குள் வேறொருவன் அங்கே தனக்கு வேண்டியதை நட்டு வைத்திருக்கிறான். அந்தக் குத்தகைக்காரர்தான் பிரவுசர், நட்டவன் திருடன். யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ என்பார்கள். குரோமியத்தின் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி சார்ந்தவை என்று 2020-ல் அந்தக் குழுவே சொன்னது. அதில் பாதி இந்தக் குத்தகைத் தகராறு.

எழுதியவர்கள் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதே. கோடிக்கணக்கான வரிகளில் ஒவ்வொரு மடையையும் மனிதக் கண்ணால் காவல் காக்க முடியாது. மொசில்லாவில் வளர்ந்த ரஸ்ட் மொழி அந்தக் காவலை கம்பைலரிடம் கொடுத்தது: ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே உரிமையாளர், கணக்கு இடித்தால் நிரல் தயாராகவே ஆகாது. 2017-ல் ஃபயர்ஃபாக்ஸின் பக்க அலங்காரப் பகுதியை அதில் எழுதினார்கள். பழையதை முழுக்க மாற்ற வருஷங்கள் ஆகும். அதுவரை ஓட்டை கண்ட இடத்தில் அடைப்பதுதான் வழி. குரோமியத்தில் அடைத்ததை உலாவும் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். நீ கேட்ட அப்டேட் அதுதான்.

இறக்கினால் மட்டும் போதாது, பிரவுசரை மூடித் திறந்தால்தான் புதியது ஓடும். நீ முப்பது டேப்பை மாதக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பது எனக்குத் தெரியும். தாத்தா போனையும் ஒருமுறை பார்த்துச் சொல்.

அன்புடன்,
மாமா